கம்பி, கனெக்டர், அளவுகோல்: வீட்டில் செய்யும் யு.எச்.எஃப் ஏரியல் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள்) பயன்படுத்தும் 435 மெகாஹெர்ட்ஸுக்கு ஏரியலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்தத் தடவை பக்கம் முழுக்க இதற்கே கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். யாகி ஏரியல் செய்ய அலுமினிய பைப் வாங்கி வைத்துவிட்டேன். கூடப் படிக்கிறவன் அதை அப்புறம் செய், முதலில் எளிதாக ஏதாவது செய் என்கிறான். எதில் தொடங்க?
– மாணவர், வள்ளியூர்

கூடப் படிக்கிறவர் சொல்வதைக் கேளுங்க தம்பி. யாகி (ஒரு தண்டில் குறுக்காகக் கம்பிகளை வரிசையாகக் கட்டிய, பழைய டி.வி. ஏரியல் மாதிரி) அருமையான ஏரியல்தான். 1926-ல் ஜப்பானில் செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் எழுதி வெளியிட்டது, இன்னும் ஊரெல்லாம் மாடிகளில் நிற்கிறது. ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை என்றால் கோளாறு கம்பி நீளத்திலா, கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியிலா, கேபிள் சேருகிற இடத்திலா என்று புதிதாகச் செய்கிறவருக்குப் பிடிபடாது. அதனால் நடுவில் நேராக ஒரு கம்பியும் கீழே நாலு பக்கமும் கம்பிகளும் உள்ள கிரவுண்ட் பிளேன் ஏரியலில் தொடங்குங்கள். அதில் கோளாறு வர இரண்டே இடம்தான் உண்டு, நடுக்கம்பி நீளமும் சால்டரிங்கும்.

கணக்கு இவ்வளவுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 435-க்கு 69 சென்டிமீட்டர், அதில் கால்வாசி 17.2. கம்பியில் அலை கொஞ்சம் குட்டையாகவே அடங்கும் என்பதால் ஐந்து சதவீதம் கழித்தால் 16.4 வருகிறது. இது நடுவில் நேராக நிற்கிற கம்பி. கீழே நாலு பக்கமும் போகிற கம்பிகள் 17.5 முதல் 18 வரை இருக்கட்டும், அங்கே அவ்வளவு கண்டிப்பு கிடையாது. அந்த நாலையும் தட்டையாக வைத்தால் ஏரியலின் இம்பீடன்ஸ் (அலைக்கு அது காட்டும் தடை) 36 ஓம் பக்கம் வரும், 45 டிகிரி கீழே சாய்த்தால் கேபிள் கேட்கிற 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வேறு சரிக்கட்டல் எதுவும் வேண்டாம்.

சாமான் என்று பார்த்தால், கேபிள் மாட்டுகிற, நாலு மூலையிலும் ஓட்டை உள்ள எஸ்.ஓ-239 கனெக்டர் ஒன்று, கேஸ் வெல்டிங் கடையில் கிடைக்கிற பித்தளை ராடு அல்லது 12 கேஜ் செம்புக் கம்பி, நாலு சின்ன ஸ்க்ரூ நட்டு. கம்பியின் ஒரு முனையை ஸ்க்ரூவைச் சுற்றி வளையமாக வளைத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டு முறுக்குங்கள். நடுக்கம்பியை கனெக்டரின் நடுக்குழிக்குள் நிறுத்தி சால்டர் செய்யும்போது 25 வாட் அயர்ன் போதாது, 60 வாட்டாவது வேண்டும். கம்பியையும் குழியையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயம் தானாக உருகிக் குழிக்குள் இறங்க வேண்டும். ஆறும்போது கம்பி அசைந்தால் ஈயம் மங்கலாக, பொரபொரவென்று நிற்கும். அந்த இணைப்பு இன்றைக்கு வேலை செய்யும், ஆடிக் காற்றில் ஒரு வாரம் ஆடியதும் விட்டுவிடும். மறுபடி உருக்குங்கள்.

முதலில் 17.5-க்கு வெட்டி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். 16.4 சென்டிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் போனால் ஏரியல் ஏறக்குறைய 2.6 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். நம் நாட்டில் இந்த 70 சென்டிமீட்டர் அலைவரிசை மொத்தமே 434 முதல் 438 வரைதான். பயப்பட வேண்டாம், தடித்த கம்பி என்றால் ஏரியல் இதைவிட அகலமாகவே ஏற்றுக்கொள்ளும். இருந்தாலும் கட்டிங் பிளேயரை விட்டுவிட்டு அரத்தை எடுங்கள். அந்த அலுமினிய பைப் வீணாகாது, இரண்டாவது ஏரியலுக்கு ஆகும்.

என் மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர் 1.3 காட்டுகிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நண்பருக்கு என் குரல் கரகரவென்றுதான் கேட்கிறதாம். தட்டட்டியில் ஏரியல், கீழே அறையில் ரேடியோ, நடுவில் 20 மீட்டர் ஆர்.ஜி-58 கேபிள்.
– லைசென்ஸ் உள்ள வாசகர், மேலப்பாளையம்

கோளாறை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். அந்த மெல்லிய கேபிள் 435-ல் 20 மீட்டருக்கு சுமார் 7 டெசிபெல் (சிக்னல் எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு) தின்றுவிடும். ரேடியோவிலிருந்து 5 வாட் புறப்பட்டால் ஏரியலுக்குப் போய்ச் சேருவது ஒரு வாட்தான், மிச்சம் கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. வருகிற சிக்னலுக்கும் இதே கதிதான்.

அப்புறம் அந்த 1.3. எஸ்.டபிள்யூ.ஆர் என்பது அனுப்பிய அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. உங்கள் மீட்டர் காட்டுவதை நம்ப வேண்டாம் என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஏரியலை மேலே கழற்றிவிட்டு, கீழே நானோ வி.என்.ஏ. என்கிற சின்ன அளவுக் கருவியை வைத்து அளந்து பாருங்கள் (ரேடியோவை வைத்து அனுப்பிப் பார்க்காதீர்கள், அது கெட்டுப்போகும்). ஏரியலே இல்லாமல் அது 1.5 பக்கம் காட்டும். போகிற அலை 7 டெசிபெல் குறைந்து, நுனியில் முழுசாகத் திரும்பி, வருகிற வழியில் இன்னொரு 7 குறைந்து வருவதால் மீட்டருக்கு எல்லாம் உள்ளே போய்விட்டது போலத் தெரிகிறது. கேபிள் எவ்வளவு மோசமோ மீட்டர் அவ்வளவு அழகாகக் காட்டும். டம்மி லோடு என்று ஒரு 50 ஓம் சாமான் இருக்கிறதே, அதற்கு எஸ்.டபிள்யூ.ஆர் எப்போதும் 1, ஆனால் அது வானத்துக்கு எதையும் அனுப்பாது. எஸ்.டபிள்யூ.ஆர் 2 இருந்தால்கூடத் திரும்பி வருவது 11 சதவீதம்தான். நீங்கள் அந்த 11-க்காகக் கம்பியை அறுத்துக்கொண்டிருக்க, 80 சதவீதம் கேபிளில் போகிறது.

ரேடியோவை மாடி அறைக்குக் கொண்டுபோக முடிந்தால் அதுதான் முதல் வழி. முடியாது என்றால் கேபிள் டி.வி.க்காரர்கள் இழுக்கிற ஆர்.ஜி-6 வாங்குங்கள். அது 75 ஓம், அதனால் நாலு சதவீதம் திரும்பும், போகட்டும். 20 மீட்டருக்கு இழப்பு 3 டெசிபெல்லுக்குள் நிற்கும், ஒரு வாட்டுக்குப் பதில் இரண்டரை வாட் பக்கம் போய்ச் சேரும். அதன் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சால்டர் பிடிக்காது, அழுத்திப் பிடிக்கிற கிரிம்ப் கனெக்டர்தான் போட வேண்டும்.

கேட்பதற்கு மட்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. தூர்தர்ஷன் மட்டும் இருந்த நாளில் நம்ம கடலோர ஊர்களில் இலங்கை ரூபவாஹினி பார்க்க உயரமான பைப்பில் ஏரியலைக் கட்டி, அதன் பக்கத்திலேயே பூஸ்டரை வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். கேபிளில் தேய்வதற்கு முன்னால் சிக்னலைத் தூக்கிவிட வேண்டும் என்கிற அந்த முறை இன்றைக்கும் சரிதான். ஆனால் அதன் வழியாகத் திருப்பி அனுப்பினால் பூஸ்டர் புகைந்துவிடும்.

கிரவுண்ட் பிளேன் ஒன்று செய்தேன், பிறகு மூன்று கம்பி யாகி ஒன்று செய்தேன். என்னிடம் இருப்பது கம்ப்யூட்டரில் சொருகும் ஆர்.டி.எல் டாங்கிள் (சின்ன ரேடியோ ரிசீவர்) மட்டும்தான். யாகி நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? சில நேரம் அதிகம் எடுக்கிறது, சில நேரம் பழையதைவிட மோசமாக இருக்கிறது.
– ஆசிரியர், அம்பாசமுத்திரம்

இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வி சார் இது. செய்வதை எல்லோரும் எழுதுகிறார்கள், சோதித்துப் பார்ப்பதை யாரும் எழுதுவதில்லை. உங்களிடம் இருக்கிற சாமானே போதும்.

உங்கள் கிரவுண்ட் பிளேனை எக்காரணம் கொண்டும் பிரித்துப் போடாதீர்கள். அதுதான் உங்கள் எடைக்கல். எடைக்கல் இல்லாத தராசு எதையும் நிறுக்காது, தெரிந்த ஏரியல் ஒன்று பக்கத்தில் இல்லாமல் புது ஏரியலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து, மாறாத சிக்னல் ஒன்று வேண்டும். லைசென்ஸ் உள்ள நண்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 433 மெகாஹெர்ட்ஸ் சின்ன டிரான்ஸ்மிட்டர் மாட்யூல் போதும், 433-க்கும் 434-க்கும் நடுவே 10 மில்லிவாட் வரை லைசென்ஸ் இல்லாமல் அனுமதி உண்டு. அதை புது பேட்டரி போட்டு, பக்கத்து வீட்டு மாடியில் 20, 30 மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள். உலோகக் கம்பியில் கட்டக் கூடாது. அதன் கம்பி செங்குத்தாக நின்றால் உங்கள் ஏரியலும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். ஒன்று நட்டமாக, ஒன்று படுக்கையாக இருந்தால் 15, 20 டெசிபெல் காணாமல் போகும், நீங்கள் யாகியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

டாங்கிள் மென்பொருளில் தானியங்கி கெயினை (சிக்னலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) அணைத்துவிட்டு, சிக்னல் உச்சி திரையின் பாதியில் நிற்கிற மாதிரி கெயினை வைத்து, அப்புறம் அதைத் தொடவே கூடாது. கெயின் தானாக ஓடினால் நல்ல ஏரியலும் கெட்ட ஏரியலும் ஒரே உயரம் காட்டும்.

நீங்கள் சொன்ன ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் மாடிதான். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி மேலே போட்ட தகரம், கைப்பிடிச் சுவர்க் கம்பி எல்லாவற்றிலும் அலை பட்டுத் திரும்பி, நேராக வருகிற அலையோடு ஓர் இடத்தில் கூடும், ஒரு சாண் தள்ளி கழியும். ஒரே ஏரியலை 35 சென்டிமீட்டர் நகர்த்தினாலே 8, 10 டெசிபெல் வித்தியாசம் வரும். அதனால் ஒரே இடத்தில் வைத்து எடுத்த அளவு செல்லாது. தரையில் சாக்பீஸால் 70 சென்டிமீட்டர் கோடு ஒன்று போட்டு, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, துடைப்பக் கட்டையில் கட்டிய ஏரியலை ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தி அளவைக் குறித்து, எல்லாவற்றுக்கும் சராசரி எடுங்கள். நீங்கள் ஏரியலுக்குப் பின்னால், தள்ளி நில்லுங்கள், உடம்பும் அலையைத் திருப்பும். திரையைப் பார்க்க இன்னொருவர் இருந்தால் வேலை சுலபம், உங்கள் மாணவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

வரிசை முக்கியம். முதலில் பழையது, அப்புறம் புதியது, மறுபடி பழையது. கேபிள் அதே கேபிளாக இருக்க வேண்டும். பழையதன் இரண்டு சராசரியும் ஒரு டெசிபெல்லுக்குள் ஒத்துப்போனால்தான் நடுவில் எடுத்த அளவுக்கு மதிப்பு. ஒத்துப்போகாவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லை கனெக்டர் லூசாக இருக்கும், அன்றைய கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். இதில் தாட்சண்யமே கூடாது.

மூன்று கம்பி யாகி கிரவுண்ட் பிளேனைவிட 4, 5 டெசிபெல் கூடுதலாக வந்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். 12 வந்தால் சந்தோஷப்படாமல் சோதனையைச் சந்தேகப்படுங்கள். ஒன்றுமே கூடவில்லை என்றால் பின்கம்பி கேபிள் சேருகிற கம்பியைவிட ஐந்து சதவீதம் போல நீளமாகவும், முன்கம்பி அதே அளவுக்குக் குட்டையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பிகள் அலுமினியத் தண்டைத் தொட்டுக்கொண்டு போனாலும் அளவு மாறிவிடும், மரத்தண்டில் கட்டுவது புதியவருக்கு நல்லது. அப்புறம் யாகியை முதுகைக் காட்டித் திருப்புங்கள், 10 டெசிபெல்லாவது விழ வேண்டும். கடைசியாக, அளந்துகொண்டிருக்கும்போதே கேபிளை ஒரு கையால் தடவிப் பாருங்கள். அளவு ஆடினால் உங்கள் கேபிளின் வெளிப்பின்னலும் ஏரியலாக வேலை செய்கிறது, கேபிளை ஏரியலிலிருந்து நேர் பின்னால் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

குற்றாலம் பக்கம் வீடு. நல்ல யாகி வைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பேச முடியுமா?
– வாசகர், தென்காசி

மலையைத் துளைத்துக்கொண்டு இந்த அலை போகாது. தடை இல்லாத இடத்தில்கூட, ஏரியல் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வருகிற கிலோமீட்டர்தான் அதன் பார்வை எல்லை. 10 மீட்டருக்கு 13 கிலோமீட்டர். நீங்கள் ஆயிரம் மீட்டர் மேட்டில் நின்றால் அதுவே 130. அதனால் பணத்தை யாகியில் போடுவதைவிட, அனுமதி உள்ள ஒரு மலைச்சாலை வளைவுக்குக் கையடக்க ரேடியோவோடு போய்வருவது லாபம். வீட்டிலிருந்து என்றால் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் திருப்பி முயன்று பாருங்கள், சில நேரம் பாறை முகட்டில் வளைந்து கொஞ்சம் போய்ச் சேரும்.

தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க, தகவலை ரேடியோ அலையில் அனுப்பும் 866 மெகாஹெர்ட்ஸ் லோரா மாட்யூல் வாங்கினேன். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இரண்டு கிலோமீட்டர், நடுவில் தென்னந்தோப்பு. பாதி நேரம் தகவல் வருவதில்லை.
– விவசாயி, திசையன்விளை

அய்யா, மாட்யூலோடு வந்த அந்தச் சுருள் கம்பியை எடுத்துவிட்டு 8.2 சென்டிமீட்டர் நேர்க்கம்பியும், கீழே சாய்த்த 9 சென்டிமீட்டர் கம்பிகள் நாலும் போடுங்கள். ஆனால் உங்களுக்கு ஏரியலைவிட உயரம்தான் முக்கியம். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த அலைக்கு நடுவழியில் 13 மீட்டர் ஆரத்துக்கு ஓர் இடம் வேண்டும், அதில் பாதிக்கு மேலாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் தென்னை அதற்குள் முழுசாக நிற்கிறது. ஒரு முனையையாவது மேல்நிலைத் தொட்டி உயரத்துக்கு ஏற்றுங்கள். மாட்யூலில் ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை 11 அல்லது 12-க்கு மாற்றச் சொல்லுங்கள், தகவல் மெதுவாக வரும், ஆனால் வந்து சேரும். நனைந்த ஓலை இன்னும் அதிகமாக உறிஞ்சும், அதனால் ஐப்பசி மழையில் ஒரு நாள் சோதித்துவிட்டு அப்புறம் மோட்டாரை இதை நம்பி விடுங்கள். ஏரியல் மாட்டாமல் மாட்யூலுக்கு கரண்ட் கொடுக்காதீர்கள்.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

நீங்கள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கேட்பதால் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் போனது, செல்போன் சிக்னலும் போனது. லைசென்ஸ் உள்ள இரண்டு பேர் கையில் சார்ஜ் ஏறிய ரேடியோவும் மாடியில் இந்த 16 சென்டிமீட்டர் கம்பியும் இருந்தால், நடுவில் எந்த டவரும் இல்லாமல் நேருக்கு நேர் பேசலாம். ஆபத்து வருகிற அன்றைக்குக் கடைக்குப் போய் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

கடல் பக்கம் வீடு. செம்புக் கம்பி ஏரியல் மூன்றே மாதத்தில் பச்சையாகிவிடுகிறது, சிக்னலும் குறைகிறது.
– வாசகர், உவரி

கம்பி பச்சையானால் பெரிய நஷ்டமில்லை. இணைப்புக்குள் உப்புக் காற்று போவதுதான் நஷ்டம், அதுவும் செம்பும் அலுமினியமும் ஒன்றை ஒன்று தொடுகிற இடம் சீக்கிரம் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். கனெக்டரை ஒட்டும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன் மேல் சாதா கறுப்பு டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். கேபிளுக்குள் பின்னல் கறுத்திருந்தால் அந்தக் கேபிளைத் தூர எறியுங்கள், அது தேறாது. இன்னொன்று எல்லோருக்கும்: ஈ.பி. லைன் பக்கத்தில் பைப்பைத் தூக்கவே கூடாது. பைப் சாய்ந்தால் லைனைத் தொடும் தூரமா என்று முதலில் பாருங்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய் வந்ததிலிருந்து விண்வெளிப் பேச்சாகவே இருக்கிறாள். வீட்டில் செய்த ஏரியலில் விண்வெளி நிலையத்தைக் கேட்க முடியும் என்கிறார்களே, உண்மையா? அவளுக்கு லைசென்ஸ் கிடைக்குமா?
– தாய், பாளையங்கோட்டை

உண்மைதான்மா. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென்று ரிப்பீட்டர் (வருகிற குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) ஒன்று இருக்கிறது, அதன் குரல் 437.800 மெகாஹெர்ட்ஸில் கீழே வருகிறது. நம்ம இஸ்ரோவும் 2005 மே 5-ல் ஹாம்சாட் என்று அமெச்சூர்களுக்காகவே ஒரு செயற்கைக்கோள் அனுப்பியது. அது பல வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

மேலே சொன்ன கிரவுண்ட் பிளேனிலேயே நிலையம் நன்றாக மேலே ஏறும்போது கேட்கும், மூன்று கம்பி யாகியைக் கையில் பிடித்துக் காட்டினால் தெளிவாகக் கேட்கும். மரத்தண்டில் செய்தால் பிள்ளையின் கைக்கு லேசாக இருக்கும். நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுவதால் ஒரு தடவை பத்து நிமிஷத்துக்கு மேல் கிடைக்காது. எப்போது, எந்தத் திசையில் வரும் என்று போன் ஆப் சொல்லும். அது நம்மை நோக்கி வரும்போது 437.810-ல் கேட்கத் தொடங்கி, தலைக்கு மேல் வரும்போது 437.800, தாண்டிப் போகும்போது 437.790 என்று மெல்ல மாற்ற வேண்டும். நடுவில் குரல் மங்கினால் யாகியைத் தண்டைச் சுற்றிக் கால் திருப்பு திருப்பச் சொல்லுங்கள், படுக்கையாக இருந்த கம்பி நட்டமாகட்டும், பல நேரம் சட்டென்று தெளியும். இந்த டாப்ளர் மாற்றத்தை அவள் காதால் கேட்டுவிட்டால் பின்னாளில் இயற்பியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வரும்போது மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பேசுவதற்கு லைசென்ஸ் கட்டாயம், 12 வயது முடிந்திருந்தால் போதும், அவள் எழுதலாம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு வைக்கிறது. தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம், மோர்ஸ் வேண்டாம். தேறி லைசென்ஸ் வந்தால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி அவள் பெயருக்கே கிடைக்கும். அதுவரை எந்த ரேடியோவிலும் அனுப்பும் பட்டனைத் தொட வேண்டாம்.

முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஏரியலைக் குறை சொல்லும் முன் ரிப்பீட்டர் அன்றைக்கு ஓடுகிறதா என்று பாருங்கள், விண்வெளி வீரர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசும் நாட்களிலும் வேறு சில வேலைகளின்போதும் அதை நிறுத்தி வைப்பார்கள், நிலையத்தின் அமெச்சூர் ரேடியோவைக் கவனிக்கிற ஏரிஸ் அமைப்பு அந்த நிலவரத்தை அவ்வப்போது வெளியிடுகிறது. கேட்ட தேதி, நேரம், திசை, யார் அழைப்புக்குறி காதில் விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.